பத்தடியான்

செம்பாறையில் ஓர் அடி என்றால் புலியில் பத்தில் ஒரு பங்கு. வேறெந்த ஊரிலும் இல்லாத இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று கேட்டால், ஊர்க்காரர்கள் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள், உலகம் உண்டான நாளிலிருந்து அடி அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். அது வந்த வழி எனக்குத் தெரியும், சொல்கிறேன். சிரிப்பு வருகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு வரவில்லை.

மலையடிவாரத்து ஊர் அது. ஜமீன்தார் ஆசைக்கு வளர்த்த மிருகங்கள் ஜமீன் போன பிறகு பேரூராட்சியின் தலையில் விழ, பேரூராட்சியும் அவற்றைச் சுற்றி ஒரு சுவர் கட்டி, விலங்குக் காட்சிசாலை என்று பெயர் எழுதி, வாசலில் டிக்கெட் கொடுக்க ஓர் ஆளையும் உட்கார வைத்தது. அப்புறம் மான்கள் ஒவ்வொன்றாகச் செத்து, கரடி செத்து, மயில்கள் சுவரேறிப் பறந்துபோய், கடைசியில் மிஞ்சியது ஒரே ஓர் ஆண்புலி. ஆனால் அது புலி! மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை சரியாகப் பத்தடி. அதனால் அதன் பெயரே பத்தடியான். ஊர் எல்லையில் வளைவு கட்டி ‘பத்தடிப் புலி வாழும் செம்பாறை உங்களை வரவேற்கிறது’ என்று எழுதினார்கள். பரோட்டாக் கடைக்குப் பத்தடி என்று பெயர், கபடி அணிக்கும் பத்தடி என்று பெயர், பஸ் கண்டக்டர்கள்கூட செம்பாறை என்று கூவுவதை விட்டுவிட்டு ‘பத்தடியெல்லாம் இறங்கு’ என்றுதான் கூவினார்கள். வேறு எதற்கும் பேர் வாங்காத ஊர் அது. விளைகிற நெல்லும் சுமார், ஓடுகிற ஆறும் சுமார், படித்துப் போன பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை அளவெடுப்பு. ஆயுத பூஜையன்று ஊரில் அவரவர் அரிவாளுக்கும் தராசுக்கும் ஆட்டோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தால், காட்சிசாலையில் புலியை அளக்கிற துணி நாடாவுக்கு வைப்பார்கள். மறுநாள் விஜயதசமியில் மேளம் முழங்க அந்த நாடா தாம்பாளத்தில் வரும். கால்நடை டாக்டர் ஜெயசீலி மயக்க ஊசியைக் குழலில் வைத்து ஊதுவார். பத்தடியான் ஒரு முறை உறுமி, இரண்டு சுற்று சுற்றி, தலையைக் கைமேல் வைத்துச் சரிந்ததும், அதைப் பார்த்துக்கொள்ளும் மாசானமும் இன்னும் நாலு பேரும் தார்ப்பாயில் இழுத்துப் போட்டு, முதுகை நேராக்கி, மூக்குக்கு ஒரு முளையும் வாலுக்கு ஒரு முளையும் அடிப்பார்கள். இரண்டு முளைக்கும் நடுவில் நாடா பிடிப்பவர் தையல்காரர் மசூது பாய். பிறகு கழுத்து, நெஞ்சு, முன்னங்கை என்று சுற்றளவுகள். கடைசியாக நகம். மாசானம் விரலை மேலும் கீழுமாக அழுத்துவான், உறைக்குள்ளிருந்து நகம் வெளியே வரும், அதன் வளைவோடு ஒரு நூலை ஒட்டி வைத்து, நூலை நிமிர்த்தி நாடாவில் வைத்தால் நாலு அங்குலம். பேரூராட்சித் தலைவர் திரவியக்கனி அண்ணாச்சி ஒவ்வொன்றையும் மைக்கில் சொல்லச் சொல்ல ஊர் கை தட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் ஒரு வருஷம் மசூது பாய் நாடாவைப் பிடித்தார், விட்டுவிட்டு மறுபடி பிடித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பிடித்தார். ஒன்பதடி எட்டு அங்குலம்.

“பாய், ஒழுங்காப் பிடியும். ஊரு பாக்குதுல்லா” என்றார் அண்ணாச்சி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

“ஒழுங்காத்தான் அண்ணாச்சி பிடிச்சிருக்கேன்.”

“அப்ப, புலி சின்னதாயிட்டுன்னு சொல்லுதீரோ?”

மசூது பாய் நல்ல மனுஷர், அதைவிடப் பயந்த மனுஷர். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். “நாடா பழசு அண்ணாச்சி. துணி நாடா இழுபட்டு இழுபட்டு நீண்டுரும். நீண்ட நாடாவுல அளந்தா கம்மியாத்தான காட்டும்?” என்றார்.

வினையே இதில்தான். அவர் சொன்னது பொய் இல்லை. துணி நாடா நாளாக நாளாக நீளத்தான் செய்யும், எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் சொல்வார். பொய்யாக இருந்திருந்தால் யாராவது ஒருத்தராவது வாயைத் திறந்திருப்பார்கள். உண்மை என்பதால் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது. சரி, புது நாடாவுக்கு அடி எவ்வளவு என்று எதை வைத்துக் குறிப்பது என்ற கேள்வி வந்தபோது, அண்ணாச்சி கொஞ்சமும் யோசிக்காமல் படுத்திருந்த புலியைக் காட்டினார். அது பத்தடி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதை வைத்தே குறி. மசூது பாய் முளைக்கு முளை ஒரு நாடாவை வெட்டி, அதைப் பத்தாக மடித்து, மடித்த இடமெல்லாம் கோடு போட்டார். அந்தப் புது நாடாவை வைத்து அதே புலியை அளந்தால் பத்தடி, இம்மி பிசகவில்லை. மேளம் முழங்கியது.

மறு வருஷமும் நாடா நீண்டுவிட்டிருந்தது. அதற்கு மறு வருஷமும். அதற்கப்புறம் யாரும் பழைய நாடாவை எடுத்து வரவே இல்லை, ஆயுத பூஜைக்கு முதல்நாளே மசூது பாய் வந்து புலியைப் பார்த்துவிட்டுப் போய்ப் புது நாடா தைத்துவிடுவார். புலி எதனால் சிறுக்கிறது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கூண்டு ஒத்துக்கொள்ளவில்லையோ, கறி ஒத்துக்கொள்ளவில்லையோ, பார்க்கிறவர்கள் கண் பட்டுத் தேய்ந்ததோ, எனக்கும் தெரியாது. பத்தடிப் புலிக்கான கறி மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தது. மிச்சம் யார் வீட்டுக் குழம்பில் கொதித்தது என்பதை நான் சொல்லப் போவதில்லை.

ஒரே ஊரில் இரண்டு விதமான அடி இருக்கக் கூடாது என்று அண்ணாச்சி ஒரு கூட்டத்தில் பேசினார். புலியின் நாடா சரி என்றால் மற்ற நாடாக்கள் தப்பு. ஜவுளிக்கடைக் கஜக்கோல், ஆசாரிப் பட்டறை அடிக்கோல், நிலம் அளக்கிறவர் நாடா என்று எல்லாவற்றையும் போகி மாதிரி முச்சந்தியில் கொளுத்திவிட்டு, மசூது பாய் கடையில் புது நாடா வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு செம்பாறை வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே! ஒரு சென்ட் நிலம் வைத்திருந்தவன் தூங்கி எழுந்தால் இரண்டு சென்ட் வைத்திருந்தான், மாப்பிள்ளைகளெல்லாம் ஏழடி எட்டடி என்று வளர்ந்து நின்றார்கள், குள்ளம் என்று கல்யாணம் தட்டிப்போன பெண்களுக்குத் தைக்குள் தாலி ஏறியது, ஊரே நிமிர்ந்து நடந்தது. முழுச் சேலை வாங்கினால் இடுப்பைச் சுற்றவே சரியாக இருந்ததால் பெண்கள் இரண்டிரண்டாக வாங்கினார்கள், ஜவுளிக்கடைக்காரர் மாடி கட்டினார். போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கப் போன பிள்ளைகளை ஜில்லாத் தலைநகரில் குட்டை என்று திருப்பி அனுப்பியபோது, அந்த ஊர் நாடா நீண்டுபோயிருக்கிறது என்று செம்பாறை பெருமூச்சு விட்டது. சுடுகாட்டை ஒட்டிய இடுகாட்டில் ஆறடிக் குழி வருஷத்துக்கு வருஷம் ஆழம் குறைந்துகொண்டே வந்து, காலையில் நாய்கள் எதையாவது இழுத்துக்கொண்டு திரிந்தன. நாய்களைச் சபித்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிப் புலியைப் பார்த்துவிட்டு, “இது என்ன, நாய் உயரந்தான் இருக்கு” என்று கேட்டால், “நீங்க தூரத்துல நிக்கியள்லா, அதான்” என்று பதில் சொன்னார்கள். பதில் உண்மையாக இருக்கட்டும் என்று வேலியையும் பத்து எட்டு பின்னால் தள்ளிப் போட்டார்கள்.

மாசானமும் இதற்கெல்லாம் விலக்கு இல்லை. அவன் பெண் பார்க்கப் போன காலத்தில் ஐந்தடி நாலு அங்குலம் என்று சொல்லவே கூசியவன். புது நாடா வந்த பிறகு மனைவி பிரமுவைக் கூப்பிட்டுச் சுவரில் சாய்ந்து நின்று அளக்கச் சொல்லி, ஏழடி என்று வந்ததும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். பீடி சுற்றிக்கொண்டிருந்த பிரமு சிரித்த சிரிப்பில் புகையிலைத்தூள் பறந்தது. கூண்டுக்குள் கறி போடப் போகும்போது, முன்பு தன் நெஞ்சுவரை வந்த புலியின் தலை இப்போது தொடையைத்தான் தொடுகிறது என்பதை அவன் பார்க்காமல் இல்லை. தான் வளர்ந்துவிட்டதால் அப்படித் தெரிகிறது என்று அவனும் கொஞ்ச காலம் நம்பினான். நம்பிக்கை உடைந்தது வீடு கிடைத்த அன்றைக்கு. காட்சிசாலை ஆட்களுக்கும் துப்புரவு ஆட்களுக்கும் பேரூராட்சி பத்துக்குப் பத்து வீடு கட்டிக் கொடுத்தது. சாவி வாங்கிப் பால் காய்ச்சிப் படுத்தால், மாசானத்தின் கால் வாசற்படிக்கு வெளியே கிடந்தது.

“பத்துக்குப் பத்துன்னாவ. இதுல தொட்டில் கட்டுனா நாம எங்க படுக்க?” என்று பிரமு கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

“நாமதான் வளந்துட்டோமே ஏட்டி” என்றான் மாசானம். மறுநாள் வேலைக்குப் போய்ப் புலியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதை முதல் முறையாகப் பார்ப்பவன்போல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடம்பு சிறுத்ததே ஒழிய, நகம் சிறுக்கவில்லை. பழைய பத்தடிப் புலிக்கு முளைத்த அதே நாலு அங்குல நகம் அப்படியே இருக்க, அதைத் தாங்குகிற கால்தான் கன்றுக்குட்டிக் கால் ஆகி, ஆட்டுக்குட்டிக் கால் ஆகி, தேய்ந்துகொண்டே வந்தது. அங்குலம் சிறுக்கச் சிறுக்க நகம் நாடாவில் ஏறியது. ஐந்து, ஏழு, எட்டு, பத்து. உடம்பு எப்போதும் பத்தடி என்பதால் அளவெடுப்பில் சுவாரசியம் குறைந்திருந்த நேரத்தில், நகம் ஊருக்குப் புது உயிர் கொடுத்தது. விஜயதசமிக்கு வருகிற கூட்டம் நூலை நிமிர்த்துகிற அந்த நிமிஷத்துக்காகவே வந்தது. ஓரடி நாலு அங்குல நகம் என்று அண்ணாச்சி அறிவித்த வருஷம், வேட்டுச் சத்தத்தில் வௌவால்கள் புளியமரத்தை விட்டே போய்விட்டன. அந்த வருஷம் பத்தடியான் வளர்ந்த பூனை அளவு இருந்தது.

அந்த நகங்கள் இனி எந்த உறைக்குள்ளும் போகாது. வெளியே வளைந்து, வளைந்த நுனி திரும்பி அதன் பாதச் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. கால் ஊன்ற முடியாமல் மணிக்கட்டை ஊன்றி நகர்ந்தது, நகர்ந்தால் நகம் கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டு, மாசானம் வந்து விடுவிக்கும்வரை அப்படியே தொங்கிக் கிடந்தது. அவன் ஒவ்வொரு நாளும் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து எடுத்துப் போய்ச் சீழைத் துடைத்துப் போட்டுவிடுவான். மயக்க ஊசி எதற்கு, அவன் காக்கிச் சட்டையைப் பார்த்தாலே போதும், பத்தடியான் படுத்தபடி முன்னங்காலைத் தூக்கி நீட்டும். ஒரு கால் முடிந்ததும் மறு கால். மாசானம் அழுவான். வீட்டுக்கு வந்து சொன்னால் பிரமு கேட்டுக்கொள்வாள். ஆனால் அவள் புலியைக் கிட்டத்தில் பார்த்தது கிடையாது, ஊரே பத்தடி என்கிறபோது புருஷன் மட்டும் பூனை பூனை என்றால், வேலைக் கஷ்டத்தில் எதையோ பேசுகிறார் என்று தலையில் எண்ணெய் வைத்து விடுவாள்.

நகத்தை வெட்ட அனுமதி கேட்டு அவன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனான்.

“நகத்தை வெட்டணுமா? உனக்குப் புத்தி பிசகிட்டாடே? அந்த நகத்தாலதான ஊரு நிமிந்து நிக்கி!”

“அது நடக்க முடியாமக் கெடக்கு அண்ணாச்சி. நகம் உள்ள போய்ப் புழு வச்சிட்டு.”

“கூண்டுக்குள்ள கெடக்கது எங்கடே நடந்து போவப் போவுது?” என்று அண்ணாச்சி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அளவெடுப்பு வரட்டும், பாப்போம்” என்றார். அளவெடுப்புக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. மாசானம் நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் ஜெயசீலி ஒரு பசுவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவன் சொன்னதைக் கேட்டு, பசுவை அனுப்பிவிட்டு, கையைக் கழுவினார்.

“வருஷா வருஷம் பத்தடிதான்னு நானும் தலையாட்டியிருக்கேன் மாசானம். ஆட்டாம இருந்தா என்னை மாத்தியிருப்பாவ. ஆட்டிட்டேன். இப்ப வந்து வெட்டுதேன், வா” என்றார்.

மாட்டின் குளம்பு வெட்டுகிற கத்தரியால் வெட்டினார்கள். நல்ல மத்தியான வெயில், டிக்கெட் கொடுப்பவன் சாப்பிடப் போயிருந்தான். மாசானத்தின் மடியில் பத்தடியான் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுக்க, டாக்டர் நகத்தைத் துண்டித்து, சதைக்குள் இருந்த நுனியை இழுத்து எடுத்து, குழியில் மருந்து வைத்தார். ஒவ்வொரு நகமும் காலைவிடக் கனமாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் பத்தடியான் நாலு காலில் நின்றது. நின்று, காலைப் பார்த்தது. ஓர் எட்டு வைத்தது, இன்னோர் எட்டு வைத்தது, கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மாசானத்தின் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. இத்தனை வருஷத்தில் மாசானம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நகங்களைத் தன் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடிவிட்டு, டாக்டரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்தால் கூண்டு காலியாக இருந்தது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம். இத்தனை நாள் அதைப் பிடித்து வைத்திருந்தது அந்த நகங்கள்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் செய்த தப்பு, ஓடிப்போய் அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னது. “புலி வெளிய போயிட்டு அண்ணாச்சி. பூனை அளவுதான், யாரையும் ஒண்ணும் செய்யாது. கண்டா அடிச்சிராம எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க.” அண்ணாச்சியின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகப் போனார்கள்: பத்தடிப் புலி தப்பிவிட்டது, ஒன்றேகால் அடிக்கு மேல் நகம், யாரும் வெளியே வர வேண்டாம், குழந்தைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விட்டார்கள், கடையடைத்தார்கள், கோயில் நடை சாத்தினார்கள். இருபதடி உயரமுள்ள ஆட்கள் பத்தடிப் புலிக்கு எதற்கு இப்படி நடுங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மசூது பாய்கூடத் தையல் மெஷினைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார், கறுப்பு வரி போட்ட ஒரு சின்ன உருவம் அவர் கடை வாசல் வழியாகச் சாவகாசமாக நடந்து போனதை ஜன்னலில் பார்த்தார், பூனை என்று விட்டுவிட்டார். மாசானம் மலையைப் பார்க்க ஓடினான். புலி வேறெங்கே போகும், காட்டுக்குத்தான் போகும் என்று நினைத்தான்.

அது காட்டை ஒரு நாளும் பார்த்ததில்லை. கூண்டில் பிறந்த புலி. அதற்குத் தெரிந்த வாசனை ஒன்றே ஒன்று, அந்த வாசனை எந்தத் தெருவில் நடந்து போயிருந்ததோ அந்தத் தெருவில் அது நடந்தது.

பத்துக்குப் பத்து வீட்டில் கதவை இழுத்துச் சாத்தினால் காற்று வராது என்பதால் பிரமு ஒருக்களித்து வைத்திருந்தாள். தொட்டிலில் பிள்ளை தூங்கியது, தொட்டிலுக்குக் கீழே, ஈரம் சொட்டினால் இருக்கட்டும் என்று மாசானத்தின் பழைய காக்கிச் சட்டை ஒன்றை விரித்துப் போட்டிருந்தாள். மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, ஒலிபெருக்கி சொன்னதையெல்லாம் கேட்டு ஏற்கெனவே உடம்பு வெடவெடத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏதோ ஒன்று கதவிடுக்கில் நுழைந்து நேராகத் தொட்டிலுக்கு அடியில் போனது. சூ சூ என்றாள், போகவில்லை. சட்டையில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டது. எழுந்து கிட்டே போனாள். அது அவளைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. பிள்ளையைப் பிறாண்டப் பார்க்கிறது என்று அவள் சுளகின் விளிம்பால் ஓங்கி அடித்தாள். அப்போதும் அது காலைக் கீழே போடவில்லை. இன்னும் அடித்தாள்.

மாசானம் பொழுது சாயும் முன்னால் மலையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினான். தெரு முனையிலேயே கூட்டம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி செத்த பூனையைத் தூக்கிப் போட வந்தவள், வரியைப் பார்த்துக் கத்திக் கூட்டியிருந்தாள். மாசானம் உள்ளே போய் அதை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, அண்ணாச்சி ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

“பாருங்க அண்ணாச்சி. இப்பமாவது கண்ணைத் திறந்து பாருங்க. என் ரெண்டு கைக்குள்ள அடங்கிட்டு.”

“இருபத்தோரடி மனுஷன் கையில பத்தடிப் புலி அடங்காம என்னடே செய்யும்?” என்றார் அண்ணாச்சி.

அவர் கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மசூது பாயை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். தெருவிலேயே மூக்குக்கு ஒரு குச்சி, வாலுக்கு ஒரு குச்சி நட்டு, நாடாவைப் பிடித்தார். “பத்தடி” என்றார், யாரையும் பார்க்காமல். நகத்தைக் காணோம் என்றதும் கூட்டம் ஒரு கணம் திகைத்தது, பிறகு யாரோ, “நகத்தையெல்லாம் ஒடிச்சிட்டாளா!” என்று கேட்க, ஆமாம், ஒடித்துவிட்டாள் என்று தெருவே முடிவு செய்துகொண்டது. நகத்தைத் தேடிப் போனவர்கள் காட்சிசாலையில் கிடந்த மாசானத்தின் தூக்கைத் திறந்து நகங்களை எடுத்துக்கொண்டு போனார்கள், அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

விழா எடுத்தார்கள். பேருந்து நிலையத்தில் பந்தல், பிரமுவின் படம் போட்ட பேனர், பேனரில் அவள் கையில் சுளகு, காலடியில் யானைப் பருமனில் ஒரு புலி. அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். “முறத்தால புலிய விரட்டுனா தமிழச்சின்னு மேடைக்கு மேடை பேசுதோம். விரட்டுனதுக்கே அம்புட்டுப் பேச்சு! எங்க செம்பாறைப் பொண்ணு முறத்தால அடிச்சே கொன்னுருக்கா!” கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. புலி போய்விட்டதே என்று அழுத ஆட்கள்கூட அன்று அழுகையை நிறுத்தினார்கள், இனி வளைவில் எழுத வேறொரு வரி கிடைத்துவிட்டது.

பிரமுவைப் பேசச் சொன்னார்கள். அவள் இடுப்பில் பிள்ளையோடு எழுந்து நின்று, கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாசானத்தைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை.

“நான் பூனைன்னு நெனச்சுத்தான் அடிச்சேன்” என்றாள்.

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. “கேட்டியளா! பத்தடிப் புலி இவளுக்குப் பூனையாம்லா!” என்று அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நெசமாவே பூனை அளவுதான் இருந்துச்சு. சாமி சத்தியமா” என்றாள் அவள். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். நகங்களில் ஒன்றைத் தங்கப் பூண் கட்டிச் சங்கிலியில் கோத்து, பயம் அறியாமல் வளரட்டும் என்று அண்ணாச்சி தன் கையாலேயே பிள்ளையின் கழுத்தில் போட்டார். நகம் பிள்ளையின் தொப்புளுக்குக் கீழே தொங்கியது, கனம் தாங்காமல் அது வீறிட்டு அழுதது.

வீட்டுக்கு வந்ததும் மாசானம் முதல் வேலையாகச் சங்கிலியைக் கழற்றிப் பரணில் வைத்தான். பிரமு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாம்பாளம், சால்வை, மாலை எல்லாம் சேர்ந்து வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அவன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

“எல்லாரும் ஓடி ஒளிஞ்சுக்கிட்டாவ. அது ஏன் இத்தனை வீட்டை விட்டுட்டு நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு?” என்று அவள் கேட்டாள்.

அவன் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

“உங்க சட்டையிலதான் போய்ப் படுத்துச்சு. என்னைப் பாத்து ஒத்தக் கையத் தூக்கி நீட்டிச்சு. எதுக்கு நீட்டிச்சு?”

“பூனைச் சாதிதான. பிறாண்ட வந்திருக்கும்.”

“நீங்க சொல்லுங்க. உங்களத் தேடியா வந்துச்சு?”

மாசானம் தெருவைப் பார்த்தான். “சேச்சே. கருவாட்டு வாசத்துக்கு வந்திருக்கும் ஏட்டி. நீ வேற” என்றான்.

பிள்ளை பெற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் கருவாடு வாங்கவில்லை.